சிங்கப்பூரில் தூக்கத்துக்கும் பசிக்கும் சீன மருந்து: முதன்முறையாகச் சின்சேயிடம் போகிறவர்களுக்கு

இரவுப் பணியாலோ இடமாற்றத்தாலோ தூக்கம் கெட்டு, கூடவே பசியும் மங்கிப்போன ஒருவருக்குச் சிங்கப்பூரில் கிடைக்கும் முதல் யோசனை, ஒருமுறை சின்சேயை, அதாவது சீன மருத்துவரை, பார்த்துவிட்டு வாருங்கள் என்பதாகத்தான் இருக்கும். யோசனையில் தவறில்லை. ஆனால் எந்தச் சின்சேயைப் பார்ப்பது, என்ன எடுத்துப் போவது, எவ்வளவு செலவாகும், எத்தனை நாள் காத்திருக்கலாம் என்பதையெல்லாம் சொல்ல ஆள் கிடைப்பதில்லை. நானும் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கித்தான் அறிந்துகொண்டேன். சீன மருந்து தூக்கத்தையும் பசியையும் மாற்றக்கூடியது. சில சமயம் நாம் விரும்பும் திசையில், சில சமயம் அதற்கு நேர் எதிராக. ஆகவே பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது என்பதை மனத்தில் வைத்து, கீழே உள்ள படிகளை வரிசையாகப் பின்பற்றுங்கள்.

1. முதலில் சாதாரண மருத்துவரைப் பாருங்கள்

தூக்கமின்மையும் பசியின்மையும் சேர்ந்து வரும்போது தைராய்டுக் கோளாறு, மனச்சோர்வு, காசநோய், இரைப்பை நோய் எனப் பல காரணங்கள் பின்னால் இருக்கலாம். அருகிலுள்ள பலதுறை மருந்தகத்திலோ (பாலிகிளினிக்) தனியார் மருந்தகத்திலோ ஒரு இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, அதன் முடிவைத் தாளில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகமும் கல்லீரலும் எப்படி இயங்குகின்றன என்ற விவரமும் பொட்டாசிய அளவும் அதில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். இவை பின்னால் தேவைப்படும். பலதுறை மருந்தகத்தின் சலுகைக் கட்டணம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே என்பதால், வேலை அனுமதியில் இருப்பவர்கள் முதலாளி எடுத்துத் தந்த காப்புறுதி எதை ஏற்கும் என்று முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

முயற்சி எதுவும் இல்லாமலே ஆறு மாதத்துக்குள் உடல் எடையில் இருபதில் ஒரு பங்கு குறைந்திருந்தாலோ, விழுங்க முடியாமல் இருந்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ, தூக்கத்தில் மூச்சு நின்று திணறி எழுந்தாலோ சின்சேயிடம் போவதைத் தள்ளி வையுங்கள். இவை மூலிகைக்குக் காத்திருக்கும் நோய்கள் அல்ல.

2. சின்சேயின் பதிவைச் சரிபாருங்கள்

சிங்கப்பூரில் சீன மருத்துவம் பார்க்கிறவர்கள் சட்டப்படி பாரம்பரிய சீன மருத்துவர் வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். வாரியத்தின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தட்டினால் அவர் பதிவு பெற்றவரா, தொழில் சான்றிதழ் நடப்பில் இருக்கிறதா என்பது சில நொடிகளில் தெரிந்துவிடும். ஒன்றைக் கவனமாகப் பாருங்கள்: அக்குபங்சர் மட்டும் செய்யப் பதிவு பெற்றவர்கள் வேறு, மூலிகை மருந்தும் எழுதித் தரக்கூடிய முழுப் பதிவு பெற்றவர்கள் வேறு. உங்களுக்குத் தேவை இரண்டாம் வகையினர்.

மருந்துக்கடையில் தராசுக்குப் பின்னால் நிற்கும் முதியவர் எத்தனை அனுபவம் உள்ளவராக இருந்தாலும், பதிவு இல்லாவிட்டால் அவர் கடைக்காரர்தான். மூலிகையை அவரிடம் வாங்கலாம், நோயைக் காட்டக் கூடாது.

3. எங்கே போவது, எவ்வளவு ஆகும்

மூன்று வகையான இடங்கள் இருக்கின்றன. முதல் வகை அறநிலையங்கள். சின் ஸ்வீ சாலையிலுள்ள தோங் சாய் மருத்துவ நிலையம் இனமும் சமயமும் பாராமல் இலவசமாக மருத்துவம் பார்ப்பதற்கென்றே 1867 முதல் இயங்கிவருகிறது. சீனர்களுக்கு மட்டும்தான் என்று எண்ணி நம்மவர்கள் பலர் அந்தப் பக்கம் போவதே இல்லை. தோ பாயோவில் சுங் ஹுவா மருத்துவ நிலையமும், லிட்டில் இந்தியாவிலிருந்து சிராங்கூன் சாலையிலேயே சற்றுத் தள்ளிக் குவோங் வாய் சியூ மருத்துவமனையும் இருக்கின்றன. இத்தகைய இடங்களில் கட்டணம் இருக்காது, இருந்தாலும் குறைவு. அதற்கு ஈடாகக் காலையிலேயே போய் வரிசையில் உட்கார வேண்டும். பார்க்கும் நேரமும் பதிவு செய்யும் முறையும் மாறக்கூடியவை என்பதால் முந்தின நாளே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது வகை தனியார் கிளினிக்குகள். பெரிய மருந்துக்கடைச் சங்கிலிகள் நடத்தும் கிளினிக்குகளும் இவற்றில் அடங்கும். நான் விசாரித்த இடங்களில் பார்ப்பதற்கான கட்டணம் சுமார் 15 வெள்ளியிலிருந்து (சிங்கப்பூர் டாலர்) 50 வெள்ளி வரை இருந்தது, மருந்து தனி. ஒரு நாளைக்கான மருந்து ஏறத்தாழ 5 முதல் 20 வெள்ளி வரை ஆவதால், ஏழு நாள் மருந்து வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது நூறு வெள்ளியைத் தாண்டியிருந்தால் வியக்காதீர்கள். மூன்றாவது வகை, பேட்டைக் கடைத்தொகுதிகளின் கீழ்த்தளத்தில் இருக்கும் பழைய மருந்துக்கடைகள். அங்கே குறிப்பிட்ட நாட்களில் மட்டும் சின்சே வந்து உட்காருவார்.

பணம் தொடர்பாக இரண்டு செய்திகளை முன்பே தெரிந்துகொண்டால் பிறகு மனவருத்தம் இராது. கிளினிக்கில் வாங்கும் மூலிகை மருந்துக்கு மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியாது. சின்சே தரும் மருத்துவ விடுப்புச் சான்றிதழைச் சம்பளத்தோடு கூடிய விடுப்புக்கு முதலாளி ஏற்றே தீர வேண்டும் என்று வேலைச் சட்டம் சொல்லவில்லை. நிறுவனம் விரும்பினால் ஏற்கலாம். மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேட்டுக்கொண்ட பிறகே அந்தச் சான்றிதழை நம்பி வீட்டில் இருங்கள்.

காலம் பற்றி ஒரு சொல்: சீனப் புத்தாண்டை ஒட்டிப் பெரும்பாலான கடைகளும் கிளினிக்குகளும் சில நாட்கள் மூடிவிடும். அந்தச் சமயத்தில் சிகிச்சையைத் தொடங்க வேண்டாம்.

4. கையில் எடுத்துச் செல்ல வேண்டியவை

அடையாள அட்டை அல்லது வேலை அனுமதி அட்டை, இரத்தப் பரிசோதனைத் தாள், இப்போது உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் அட்டைகள் ஆகியவற்றை ஒரே பையில் போட்டுக்கொள்ளுங்கள். எல்லா மருந்துகள் என்றால் ஊரிலிருந்து கொண்டுவந்த அமுக்கராப் பொடியும் அதிமதுரச் சூரணமும் சேர்த்துத்தான். அவற்றையெல்லாம் மருந்தாகவே நினைக்காததால் நம்மவர்கள் சொல்லாமல் விடுகிறார்கள். அமுக்கரா தானே தூக்கத்தைத் தூண்டக்கூடியது. அதிமதுரமோ சீன மருந்துகளில் மிக அதிகமாகச் சேர்க்கப்படும் சரக்குகளில் ஒன்று. அங்கே கான் சாவ் என்ற பெயரில் வரும். இரண்டு பக்கமும் ஒரே சரக்கு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஆறாம் படியில் சொல்கிறேன்.

பிறந்தபோது ஜி6பிடி நொதிக் குறைபாடு (இரத்தச் சிவப்பணுக்கள் எளிதில் சிதையும் பிறவிக் குறை) இருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள் அதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். மனக்கொதிப்பால் தூக்கம் வராதவர்களுக்குக் கொடுக்கப்படும் ஹுவாங் லியன் என்னும் கசப்பு வேரில் பெர்பெரின் என்ற பொருள் உண்டு. குறைபாடுள்ள கைக்குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலையை அது கடுமையாக்கும் என்ற அச்சத்தால் சிங்கப்பூரில் பல ஆண்டுகள் தடை செய்யப்பட்டிருந்து, பிற்பாடு தளர்த்தப்பட்ட சரக்கு அது. கருவுற்றிருப்பவர்களும் பாலூட்டுபவர்களும் வாய் திறக்கும் முதல் வாக்கியத்திலேயே அதைச் சொல்லிவிட வேண்டும்.

சைவ உணவினரும் ஹலால் பார்ப்பவர்களும் இன்னொரு தாள் எழுதிக்கொள்ள வேண்டும். மூலிகை என்ற சொல்லை நம்பி இருந்துவிடாதீர்கள். செரிமானத்துக்கும் பசிக்கும், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, வழக்கமாகச் சேர்க்கப்படும் ஜி நேய் ஜின் என்பது கோழியின் இரைப்பையினுள் இருக்கும் மஞ்சள் தோலைக் காயவைத்தது. படபடப்பைத் தணித்துத் தூங்கவைக்கச் சேர்க்கப்படும் மு லி என்பது சிப்பி ஓடு. லுங் கூ என்பது புதைபடிவமான விலங்கு எலும்பு. அ ஜியாவ் கழுதைத் தோலைக் காய்ச்சி எடுத்த பசை. இவற்றுக்குப் பதிலாகத் தாவரச் சரக்குகளைக் கொண்டு மருந்து எழுதச் சின்சேயால் முடியும். ஆனால் நீங்கள் கேட்டால்தான் எழுதுவார்.

5. அறைக்குள் என்ன நடக்கும்

போகும் நாள் காலையில் நாக்கை வழிக்காதீர்கள், காப்பி குடிக்காதீர்கள், மஞ்சள் சேர்ந்த உணவையும் வெற்றிலையையும் தவிர்த்துவிடுங்கள். சின்சே நாக்கின் நிறத்தையும் அதன்மேல் படிந்த மாவையும் பார்த்துத்தான் பாதி முடிவுக்கு வருகிறார். சாயமேறிய நாக்கு அவரைத் தவறான பக்கம் கொண்டுபோகும். அடுத்து மணிக்கட்டைச் சிறு தலையணை ஒன்றின்மேல் வைக்கச் சொல்லி, மூன்று விரல்களால் இரு கைகளிலும் மாறி மாறி நாடி பார்ப்பார். நம் சித்த வைத்தியரிடம் கை நீட்டியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

பிறகு கேள்விகள். படுத்தவுடன் தூக்கம் வரவில்லையா, அல்லது தூங்கி மூன்று மணிக்கு விழிப்பு வந்து மீண்டும் கண் மூட முடியவில்லையா? கனவு அதிகமா? பசியே எடுக்கவில்லையா, பசித்தும் நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லையா? சாப்பிட்டதும் வயிறு உப்புகிறதா, மலம் இளகிப் போகிறதா? இந்தக் கேள்விகளுக்குத் துல்லியமான விடை வேண்டும், ஏனெனில் சீன மருத்துவத்தில் தூக்கமின்மைக்கென்று ஒரே மருந்து கிடையாது. வயிறும் உறக்கமும் ஒன்றையொன்று இழுப்பவை என்பது அவர்களுடைய பழைய கொள்கை. சாப்பாடு இறங்காமல் களைத்து, கவலையால் விழித்துக் கிடப்பவருக்கு ஒரு சேர்க்கை. கனத்த இரவுச் சாப்பாடு செரிக்காமல் புரள்பவருக்கு முற்றிலும் வேறொன்று. ஒரு வாரத்துக்குத் தூங்கிய நேரத்தையும் சாப்பிட்டதையும் கைப்பேசியில் குறித்துக்கொண்டு போனால், மொழித் தடுமாற்றத்துக்கு நடுவிலும் விவரம் சரியாகப் போய்ச் சேரும். இளைய சின்சேக்கள் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவார்கள். மூத்தவர்களிடம் போவதானால் மாண்டரின் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

6. மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள்

பெரும்பாலானவர்கள் இந்தப் படியைத்தான் தவறவிடுகிறார்கள். மருந்தைப் பொட்டலமாகவோ தூளாகவோ கையில் கொடுத்து அனுப்பிவிடுவது எளிது. உள்ளே உள்ள ஒவ்வொரு சரக்கின் பெயரும் எடையும் கொண்ட பட்டியலை நீங்கள்தான் கேட்க வேண்டும். சீன எழுத்தில் மட்டும் இருந்தால் உரோமன் எழுத்திலும் எழுதச் சொல்லுங்கள். ஒரு கிளினிக்கில் அதைக் கேட்டபோது, எங்கள் சொந்தச் சேர்க்கை, வெளியே தருவதில்லை என்றார்கள். அத்தகைய இடத்தில் மருந்து வாங்காமல் எழுந்து வந்துவிடலாம். மறுநாள் உடம்புக்கு ஏதேனும் ஆனால் அவசரப் பிரிவு மருத்துவர் கேட்கும் முதல் கேள்விக்கு உங்களிடம் விடை இருக்காது.

தூக்கத்துக்கும் பசிக்கும் எழுதப்படும் மருந்துகளில் அடிக்கடி வருபவற்றை அறிந்திருந்தால் பட்டியல் உங்களோடு பேசும். சுவான் சாவ் ரென் என்பது நம் இலந்தைக்கு நெருங்கிய இனமான ஒரு முள்மரத்தின் விதை. தூக்க மருந்துகளில் இதற்குத்தான் முதலிடம். ஃபூ லிங் தேவதாரு இனமான பைன் மரங்களின் வேரில் வளரும் பூஞ்சை. பாய் சூ என்ற கிழங்கும் ஜின்செங்கும் பசிக்காகவும் களைப்புக்காகவும் சேர்க்கப்படுபவை. செரிமானத்துக்கு ஷான் ஜா என்னும் புளிப்புப் பழம், முளைகட்டிய வாற்கோதுமை ஆகியவை வரும். தூக்கம், பசி இரண்டும் சேர்ந்து கெட்டவர்களுக்கு எழுதப்படும் குய் பீ தாங் என்ற பழைய சேர்க்கையில் ஜின்செங், பாய் சூ, சுவான் சாவ் ரென், உலர்ந்த லோங்கன் பழச்சதை, தாங் குய் வேர், கான் சாவ் எல்லாம் ஒன்றாக இருக்கும்.

இவற்றின் பயன் குறித்து நேர்மையாகச் சொல்வதானால், சுவான் சாவ் ரென் சேர்க்கைகள் தூக்கத்தை ஓரளவு மேம்படுத்துவதாகக் காட்டும் ஆய்வுகள் பல உள்ளன, ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சிறியவை, உறுதி குறைந்தவை. பசியைப் பொறுத்தவரை, பாய் சூ, ஜின்செங், ஃபூ லிங் அடங்கிய ஒரு சேர்க்கையை ஜப்பானியர்கள் ரிக்குன்ஷிதோ என்ற பெயரில் விரிவாக ஆராய்ந்து, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்போடு அதற்குத் தொடர்பு இருப்பதைக் காட்டியிருக்கிறார்கள். ஆகவே எல்லாம் வெறும் நம்பிக்கை என்று தள்ளவும் வேண்டாம், எல்லாம் நிரூபணமானது என்று கொள்ளவும் வேண்டாம்.

இனி, பட்டியலில் கண்டால் நின்று கேட்க வேண்டியவை. கான் சாவ் எனும் அதிமதுரம் அளவு கூடினாலோ நெடுநாள் தொடர்ந்தாலோ உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றி, இரத்த அழுத்தத்தை ஏற்றும். இரத்த அழுத்தத்துக்காக நீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும், டிகாக்ஸின் சாப்பிடும் இதய நோயாளிகளுக்கும் இது விளையாட்டல்ல. தாங் குய்யும் தான் ஷென் என்ற வேரும் இரத்தம் உறையாமலிருக்கத் தரப்படும் வார்ஃபரின் மருந்தின் வேகத்தைக் கூட்டும். ஜின்செங் அதைக் குறைக்கக்கூடும். ஹ ஷோ வூ என்ற கிழங்கு கல்லீரலைத் தாக்கிய நிகழ்வுகள் பல பதிவாகியுள்ளன. அதே கொடியின் தண்டுதான் யே ஜியாவ் தெங் என்ற பெயரில் தூக்க மருந்துகளில் வருகிறது. கல்லீரல் நோய் உள்ளவர்கள் இரண்டையும் வேண்டாமென்று சொல்லிவிடுவதே நல்லது. தெம்புக்காகத் தாமே கொரிய ஜின்செங் வாங்கிக் குடிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கட்டும்: அது சிலருக்குத் தூக்கத்தையே கெடுக்கும்.

ஆங்கில மருந்துக்கும் சீன மருந்துக்கும் இரண்டு மணி நேர இடைவெளி விட்டால் போதும் என்று எல்லாக் கடைகளிலும் சொல்வார்கள். வயிற்றுக்குள் ஒன்றோடொன்று கலப்பதை இடைவெளி தடுக்கலாம். மேலே சொன்ன வினைகள் இரத்தத்திலும் கல்லீரலிலும் நடப்பவை, அங்கே கடிகாரம் காப்பாற்றாது. ஏற்கெனவே தூக்க மாத்திரை சாப்பிட்டு வருகிறவர்கள் மூலிகை தொடங்கியதும் அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேட்டுப் படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

7. மூலிகை வாங்குவதும் காய்ச்சுவதும்

சீட்டை எடுத்துக்கொண்டு வேறு கடையில் வாங்குவதானால் எடை அளவைக் கவனியுங்கள். பழைய கடைகளில் விலை கிராமுக்கு அல்லாமல் தஹில் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். ஒரு தஹில் ஏறக்குறைய 38 கிராம். நூறு கிராம் விலை என்று எண்ணி ஜின்செங்கை எடுத்தால் கல்லாவில் திகைத்து நிற்பீர்கள்.

சுவான் சாவ் ரென் விலை கூடிய சரக்கு, அதனால் போலியும் அதிகம். அசல் விதை செம்பழுப்பாகவோ ஊதா கலந்த பழுப்பாகவோ, பளபளப்பாக இருக்கும். மஞ்சள் கலந்த வெளிர்பழுப்பாக இருந்தால் அது பெரும்பாலும் நம் ஊர் இலந்தையின் விதை; அதையே கலந்தோ முழுவதுமாகவோ விற்பது சீனச் சந்தையில் நெடுநாள் வழக்கம். ஒரு வெள்ளைத் தாளில் கொட்டிப் பார்த்தால் இரண்டும் கலந்திருப்பது கண்ணுக்குத் தெரியும்.

காய்ச்சுவதற்கு மண்சட்டியோ கண்ணாடிப் பாத்திரமோ வேண்டும். இரும்பும் அலுமினியமும் ஆகா. சரக்குகளை அரை மணி நேரம் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, கொதி வந்ததும் தீயைக் குறைத்து அரை மணி நேரம் காய்ச்சி வடித்து, மீண்டும் நீர் ஊற்றி இன்னொரு முறை காய்ச்சி, இரண்டையும் கலந்து இரண்டு வேளைக்குப் பிரித்துக்கொள்வது பொது முறை. சுவான் சாவ் ரென்னை இடித்துப் போட வேண்டும், முழு விதையாகப் போட்டால் சாரம் இறங்காது. சிப்பி ஓடு போன்ற கடினமானவற்றை முதலிலேயே தனியாகக் கொதிக்க விட வேண்டும். தூக்கத்துக்கான வேளையைப் படுப்பதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பாகக் குடிப்பார்கள்.

தங்கும் விடுதியிலோ ஒற்றை அறையிலோ இருப்பவர்களுக்கு இதெல்லாம் ஆகாத காரியம். காய்ச்சும் வாசனைக்கே பக்கத்துப் படுக்கைக்காரர் எழுந்துவிடுவார். அவர்கள் செறிவூட்டிய தூளாகக் கேட்டு வாங்கலாம். வெந்நீரில் கரைத்தால் போதும், கையோடு வேலைக்கும் எடுத்துப் போகலாம், சீட்டில் உள்ளபடி அளந்தும் தருவார்கள்.

8. டப்பாவில் வரும் மாத்திரைகள்: இங்கேதான் பெரிய பொறி

மாத்திரை, உருண்டை, குப்பி வடிவில் ஆயத்தமாக விற்கப்படும் சீன மருந்துகள் சுகாதார அறிவியல் ஆணையத்தின் பட்டியலில் இடம்பெற்றிருக்க வேண்டும். பாதரசம், ஆர்சனிக் போன்ற நச்சு உலோகங்களின் அளவுக்கு அங்கே வரம்பு உண்டு. பட்டியலில் இருப்பதனால் அந்த மருந்து நோயைத் தீர்க்கும் என்று நிரூபிக்கப்பட்டதாக எண்ணிவிடக் கூடாது. எடை போட்டு விற்கும் தனி மூலிகைகள் இந்தப் பட்டியல் முறைக்குள் வருவதில்லை.

இந்த வரம்பு ஏன் என்பதற்குத் தூக்க மருந்தே சான்று. மனத்தை அமைதிப்படுத்தத் தரப்படும் பழைய உருண்டைகள் சிலவற்றில் சூ ஷா சேரும். அது வேறொன்றுமல்ல, பாதரசமும் கந்தகமும் சேர்ந்த சாதிலிங்கம். சீனாவுக்குப் போய்வரும் நண்பர்கள் வாங்கித் தருவதையோ இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வருவதையோ குடிக்கும் முன் அந்தப் பெயர் உள்ளதா என்று பாருங்கள். இருந்தால் தூக்கிப் போடுங்கள்.

இதைவிட மோசமானது, பாரம்பரிய மூலிகை என்ற பெயரில் சமூக ஊடகங்களிலும் சந்தைக் கடைகளிலும் விற்கப்படும், பசி எடுத்து உடம்பு தேறும் என்று சொல்லும் மருந்துகள். இவை சிலவற்றில் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டும் சைப்ரோஹெப்டடின் என்ற ஒவ்வாமை மருந்தும் கலந்திருப்பதை ஆணையம் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. இரண்டாவது மருந்து தூக்கத்தையும் தரும், பசியையும் கிளப்பும்; வாங்கியவர் இரண்டு நாளிலேயே அற்புதம் என்பார். ஸ்டீராய்டால் முகம் வட்டமாக உப்பும், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறும். பல வாரம் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் உடல் நிலைகுலைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அத்தகைய ஒன்றை நெடுநாள் சாப்பிட்டவர் தாமே நிறுத்தாமல், டப்பாவோடு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். எடை குறைப்பதாகச் சொல்லும் மூலிகை மாத்திரைகளில் கலக்கப்படும் சிபுட்ரமின் நேர்மாறாக வேலை செய்யும்: பசியை அடக்கும், தூக்கத்தைப் பறிக்கும், இதயத்தைப் படபடக்க வைக்கும். அளவுக்கு மீறி விரைவாகப் பலன் தரும் மூலிகை எதுவானாலும் முதலில் சந்தேகப்படுங்கள்.

9. எத்தனை நாள், எப்போது நிறுத்துவது

முதல் முறை ஏழு நாள் மருந்துக்கு மேல் வாங்க வேண்டாம். சேர்க்கை உங்களுக்கு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, அடுத்த முறை சின்சே சிலவற்றைக் கூட்டுவார், சிலவற்றைக் குறைப்பார். மாற்றிய ஒவ்வொரு சீட்டையும் தேதி போட்டு வைத்திருங்கள். பசியில் ஏற்படும் மாற்றம் பொதுவாக முதலில் தெரியும், தூக்கம் சற்று நேரம் எடுக்கும். நான்கு வாரமாகியும் குறிப்பேட்டில் வேறுபாடு தெரியாவிட்டால், இன்னும் ஒரு மாதம் பாருங்கள் என்ற பேச்சுக்கு இணங்காமல் நிறுத்திவிட்டு, பலதுறை மருந்தகத்தில் தூக்கமின்மைக்கான நடத்தை சிகிச்சை பற்றிக் கேளுங்கள். நாட்பட்ட தூக்கமின்மைக்கு மருத்துவர்கள் மாத்திரைக்கும் முன்பாகப் பரிந்துரைப்பது அதைத்தான்.

கண் மஞ்சளாதல், சிறுநீர் கறுத்துப் போதல், உடல் அரிப்பு, கால் வீக்கம், தசைத் தளர்ச்சி, நெஞ்சுப் படபடப்பு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அன்றே மருந்தை நிறுத்தி, மீதமுள்ள பொட்டலத்தையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். அறுவை சிகிச்சை ஏதேனும் குறிக்கப்பட்டிருந்தால், மூலிகை சாப்பிடுவதை மயக்க மருத்துவரிடம் சொல்லி, வழக்கமாக இரண்டு வாரம் முன்பே விட்டுவிட வேண்டும். விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் பெயர் ஒட்டாத தூள் பொட்டலங்களைப் பெட்டியில் வைக்காமல், கிளினிக்கின் முத்திரையும் சரக்குப் பட்டியலும் ஒட்டிய உறையிலேயே எடுத்துச் செல்லுங்கள். விலங்குச் சரக்கு சேர்ந்தவற்றை இங்கேயே விட்டுவிடுங்கள்.